குழந்தைக்கு என்ன நோய் என்றே தெரியவில்லையா? மலையில் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. மகளுக்கு ஒன்பதாவது மாதத்தில் முதல் ஃபிட்ஸ் வந்தது. அது எதனால் என்று ஒரு பெயர் கிடைத்தபோது அவளுக்கு நான்கு வயது இரண்டு மாதம். நடுவில் ஐந்து மருத்துவமனைகள், மூளை அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி மூன்று, இரண்டு எம்ஆர்ஐ, எண்ணிக்கை தெரியாத ரத்தப் பரிசோதனைகள். இதில் பாதி அலைச்சல் தேவையே இல்லாதது என்று இப்போது தெரிகிறது. எந்த வரிசையில் போக வேண்டும் என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் குறைந்தது ஒன்றரை வருடம் மிச்சமாகியிருக்கும். அந்த ஒன்றரை வருடம் ஒரு குழந்தையின் மூளைக்கு எவ்வளவு பெரியது என்று தெரிந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் மருத்துவர் இல்லை. மருந்து, சிகிச்சை பற்றி உங்கள் மருத்துவர் சொல்வதுதான் முடிவு. எந்தக் காகிதம், எவ்வளவு பணம், எத்தனை நாள், எங்கே ஏமாறுவோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

1. முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

இதை முதல் படியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மரபணு நோய் என்பது ஆயிரக்கணக்கில் உண்டு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தேட முடியாது. "எதைத் தேட வேண்டும்" என்ற கேள்வியை மருத்துவர் உருவாக்க வேண்டும், அதற்கான தகவல் நம் வீட்டில்தான் இருக்கிறது. அவர் நம் குழந்தையைப் பார்ப்பது பத்து நிமிடம், நாம் பார்ப்பது இருபத்து நான்கு மணி நேரம்.

எங்கள் வீட்டில் அதைக் கவனித்தது என் மாமியார். மகளுக்கு மூன்று வயது இருக்கும். ஒரு நாள் காலையில் அடுப்பங்கரையில் நின்றுகொண்டு சொன்னார்: "கண்ணு, பாப்பா எந்திரிச்சதும் தள்ளாடறா பாத்தியா, கண்ணும் ஒரு மாதிரி சுத்துது. கஞ்சி உள்ள போனா கால் மணி நேரத்துல சரியாயிடறா." நான் அதைத் தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். அவர் விடவில்லை. பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து, எழுந்த நேரம், தள்ளாட்டம் எப்படி, சாப்பிட்ட நேரம், சரியான நேரம் என்று நாற்பது நாள் எழுதச் சொன்னார். அவருக்கு எழுதத் தெரியாது, சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடைசியில் எங்களுக்கு விடை கொடுத்தது அந்த நோட்டுதான். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

நோட்டில் எழுத வேண்டியவை: கழுத்து நின்றது, உட்கார்ந்தது, நடந்தது, முதல் சொல் ஆகியவை எந்த மாதத்தில், கற்றுக்கொண்ட எதையாவது திரும்ப இழந்தாளா, ஃபிட்ஸ் எந்த நேரத்தில், எவ்வளவு நிமிடம், காய்ச்சல், பசி, களைப்பு, சாப்பாடு இவற்றில் எது வந்தால் மோசமாகிறது, எது வந்தால் சரியாகிறது. சிறுநீரிலோ வியர்வையிலோ விசித்திரமான வாடை வந்தால் அதையும் எழுதுங்கள்.

ஃபிட்ஸோ தள்ளாட்டமோ வரும்போது போனில் வீடியோ எடுங்கள். பெற்ற மனது அதைச் செய்ய விடாது, எனக்கும் கை நடுங்கியது. ஆனால் "கண் எந்தப் பக்கம் போச்சு, கை இரண்டும் ஆடுச்சா" என்று மருத்துவர் கேட்டால் நினைவிலிருந்து சொல்ல முடியாது. முகம், கை, கால் மூன்றும் தெரியும்படி ஒரு நிமிடம் போதும். தேதியோடு தனி ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

2. ஃபைலை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்

கையில் இருக்க வேண்டியவை:

- குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார்
- பெற்றோர் இருவரின் ஆதார், ரேஷன் ஸ்மார்ட் கார்டு
- பிரசவம் நடந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி (பிறந்த எடை, உடனே அழுததா, இன்குபேட்டரில் இருந்ததா என்ற விவரங்களோடு)
- தாய் சேய் நல அட்டை, தடுப்பூசி அட்டை
- இதுவரை எடுத்த எல்லா ரிப்போர்ட்டும் தேதி வரிசையில்
- எம்ஆர்ஐ பிலிமோடு சிடியும்
- முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை

பெரிய பொறி ஒன்று இங்கே இருக்கிறது. பெயர். பிறந்த மருத்துவமனைக் காகிதத்தில் "பேபி ஆஃப்" என்று அம்மா பெயர் இருக்கும். பிறப்புச் சான்றிதழில் குழந்தைக்குப் பெயர் பதியாமலேயே விட்டிருப்பார்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். ஆய்வகத்துக்கு வேறு ஒரு செல்லப் பெயரைச் சொல்லியிருப்போம். பிறகு அடையாள அட்டை, உதவித்தொகை என்று போகும்போது "இது வேற குழந்தை" என்று திருப்பி அனுப்புவார்கள். எங்களுக்கு ஓர் எழுத்து வித்தியாசத்துக்கு இரண்டு மாதம் போயிற்று. முதலில் பிறப்புச் சான்றிதழைச் சரிசெய்து, அதை வைத்து ஆதாரைச் சரிசெய்து, அப்புறம் எந்த இடத்திலும் ஆதாரில் உள்ளபடியே பெயர் கொடுங்கள்.

இன்னொன்று, மலைக்கே உரிய தொல்லை. மழைக் காலத்து ஈரத்தில் பிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். பிலிமுக்கு நடுவில் வெள்ளைத் தாள் வைத்து பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். வழவழ தாளில் அச்சாகும் சின்ன ரிப்போர்ட்டுகள் ஒரு வருடத்தில் வெளுத்துப் போகும், அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து ஒரே பிடிஎஃப் ஆக்கி, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்தால் எங்கே இருந்தும் எடுக்கலாம்.

காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள்: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, அது வந்ததும் ரேஷன் கார்டு, ஆதாரோடு ஊட்டி ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சைக்கு உதவும். ஆனால் வெளியே தனியார் ஆய்வகத்தில் எடுக்கும் மரபணுப் பரிசோதனையை இது தாங்கும் என்று நம்பி மலை இறங்காதீர்கள். மருத்துவமனையில் படுக்கை போட்டுச் செய்யும் பரிசோதனைகளுக்கு எது பொருந்தும் என்று அங்கேயே உள்ள காப்பீட்டுத் திட்ட மேசையில் முன்கூட்டிக் கேளுங்கள்.

3. மலையிலேயே முடிக்கக்கூடியதை மலையிலேயே முடியுங்கள்

அரிய நோய் என்ற பயத்தில் சாதாரணமானதை விட்டுவிடுகிறோம். தைராய்டு, ரத்தச் சர்க்கரை, கால்சியம், ஹீமோகுளோபின், தசை பலவீனம் இருந்தால் சிபிகே என்ற ரத்தப் பரிசோதனை, அப்புறம் காது, கண் பரிசோதனை. இவை பெரும்பாலும் அரசு மருத்துவமனையிலேயே ஆகும். பிறவித் தைராய்டு குறைபாடு போன்றவை இந்த முதல் கட்டத்திலேயே தெரிந்துவிடும்.

அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை பள்ளிச் சிறார் மருத்துவக் குழு வரும். அவர்களிடம் சொன்னால் டிஇஐசி என்று சொல்லப்படும் மாவட்ட இடையீட்டு மையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். பிறந்தது முதல் 18 வயது வரை அங்கே பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் இலவசம். நோயின் பெயர் தெரியும் வரை பயிற்சியைத் தள்ளிப் போட வேண்டாம். பெயருக்காகக் காத்திருந்து பயிற்சியை எட்டு மாதம் தாமதப்படுத்தினோம், அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கத்துப் பழங்குடிக் குடும்பங்களில் குழந்தைக்கு அடிக்கடி கை கால் வலி, ரத்தசோகை, மஞ்சள் காமாலை என்றால் முதலில் சிக்கிள் செல் (ரத்தச் சிவப்பணு அரிவாள் வடிவமாகும் நோய்) பரிசோதனை கேளுங்கள். அதுவும் மரபணு நோய்தான், ஆனால் அதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, நம் மாவட்டத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

4. சோதனைக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்

நாங்கள் செய்த மிகப் பெரிய தவறு இதுதான். ஒரு இடத்தில் "ஜீன் டெஸ்ட் எடுத்துருங்க, எல்லாம் தெரிஞ்சுரும்" என்றார்கள். ஆய்வகத்து ஆளே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். பணமும் போயிற்று, ஆறு வாரமும் போயிற்று. வந்த பதினான்கு பக்க ரிப்போர்ட்டை எங்களுக்கு எடுத்துச் சொல்ல யாரும் இல்லை.

குழந்தை நரம்பியல் மருத்துவர் ஒருவர், மரபியல் மருத்துவர் ஒருவர், இந்த இருவர்தான் தேவை. நரம்பியல் மருத்துவர்கள் கோவையில் இருக்கிறார்கள். மரபியலுக்கென்று தனித் துறை வேலூர் சிஎம்சியில் இருக்கிறது. அரசுத் தரப்பில் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை முக்கியம். 2021-ம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையின்கீழ் மத்திய அரசு அங்கீகரித்த உயர் சிறப்பு மையங்களில் அதுவும் ஒன்று. கூடலூர் பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூரும் தூரமில்லை, அங்கே இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையோடு சேர்ந்த மையம் ஒன்று உண்டு.

முன்பதிவு செய்யாமல் கிளம்பாதீர்கள். வேலூரில் ஆன்லைனில் பதிவு செய்யலாம், பொதுப் பிரிவு, தனிப் பிரிவு என்று இரண்டு உண்டு, கட்டணம் வேறுபடும். மரபியல் துறைக்கு எங்களுக்கு ஐந்து வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. அந்த ஐந்து வாரத்தில்தான் நோட்டு எழுதி முடித்தோம்.

5. பயணம்

மேட்டுப்பாளையத்திலிருந்து இரவு கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் வேலூருக்கும் சென்னைக்கும் வசதி. வேலூர் போகிறவர்கள் விடியும் முன் காட்பாடியில் இறங்க வேண்டும், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவில் மலைப்பாதை எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது, ஏப்ரல், மே மாதங்களில் சீசன் நெரிசல். அந்த மாதங்களில் தேதி கிடைத்தால் ஒரு நாள் முன்னதாகவே இறங்கிவிடுங்கள். தவறவிட்ட ஒரு தேதிக்கு மறுபடி ஒரு மாதம் காத்திருக்க வேண்டி வரும்.

கொண்டை ஊசி வளைவில் குழந்தை வாந்தி எடுத்தால் ஃபிட்ஸ் மருந்தும் வெளியே வந்துவிடும். ஒரு முறை மருந்து கொடுத்த இருபது நிமிடத்தில் வாந்தி எடுத்து, மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்திலேயே ஃபிட்ஸ் வந்தது. பஸ் ஏறுவதற்கு எவ்வளவு நேரம் முன்பு கொடுக்க வேண்டும், வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்கலாமா என்று முந்தின தடவையே மருத்துவரிடம் கேட்டு மருந்துச் சீட்டின் ஓரத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய பரிசோதனை என்றால் மலையிலிருந்து அன்றைக்கே கிளம்பாதீர்கள், முந்தின இரவே கீழே தங்குங்கள். வேலூரில் மருத்துவமனையைச் சுற்றிச் சமையல் வசதியோடு லாட்ஜ் அறைகள் கிடைக்கும். குழந்தைக்குக் கஞ்சி வைக்க அது பெரிய உதவி. முதல் முறை குறைந்தது நான்கு நாள் தங்கும்படி திட்டமிடுங்கள். எங்களுக்கு ஒரு தடவைக்குப் பயணம், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஏழாயிரம் ரூபாய்க்குக் குறையவில்லை. பச்சைத் தேயிலைப் பணம் வரும் தேதியைப் பார்த்துத்தான் நாங்கள் முன்பதிவே செய்தோம்.

6. மூன்று தலைமுறைக் கதை

மரபியல் மருத்துவர் முதலில் கேட்பது குடும்ப மரம். இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி வரை, கூடப் பிறந்தவர்கள், கருக்கலைந்தது, பிறந்து இறந்தது, சிறு வயதில் ஃபிட்ஸ் வந்தவர்கள், காது கேட்காதவர்கள் எல்லாம் கேட்பார்கள். போவதற்கு முன் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல வீடுகளில் இறந்துபோன குழந்தையைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். மெதுவாக, தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள்.

மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். யாரையும் குற்றம் சொல்ல அதைக் கேட்பதில்லை. எந்த வகை நோயை முதலில் தேட வேண்டும் என்பது அதை வைத்து மாறும். சொந்தத்தில் கல்யாணம் செய்யாதவர்களுக்கும் இந்த நோய்கள் வரும், நாங்கள் அப்படித்தான்.

7. எந்தப் பரிசோதனை, எவ்வளவு செலவு

மருத்துவர் சொல்லும் பெயர்கள் புரிந்தால் பயம் பாதி குறையும்.

கேரியோடைப் என்பது ஜீன்களைத் தாங்கும் குரோமோசோம்களை எண்ணி, அமைப்பைப் பார்ப்பது. மைக்ரோஅரே, குரோமோசோமில் சிறு துண்டு குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று பார்ப்பது. எக்ஸோம் என்பது சுமார் 20,000 ஜீன்களில் புரதம் உருவாக்கும் பகுதிகளை எழுத்து எழுத்தாகப் படிப்பது. இவை தவிர ரத்தத்திலும் சிறுநீரிலும் வளர்சிதை மாற்றக் கோளாறுகளைத் தேடும் பரிசோதனைகள் உண்டு.

எங்கள் கணக்கு இது: மைக்ரோஅரே 15,000, மகளுக்கு மட்டும் எடுத்த எக்ஸோம் 24,000, பிறகு எங்கள் இருவர் ரத்தத்தில் அந்த ஒரு ஜீனை மட்டும் பார்த்ததற்கு 9,000, மயக்க மருந்து கொடுத்து எடுத்த எம்ஆர்ஐ 8,500. ஆய்வகத்துக்கு ஆய்வகம் விலை மாறும், அதனால் இரண்டு இடத்தில் விசாரியுங்கள். "சலுகை விலை உண்டா, ஆராய்ச்சித் திட்டத்தில் இலவசமாக எடுக்க முடியுமா" என்று மரபியல் துறையிலேயே வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள்.

"எக்ஸோம் எடுத்தால் எல்லாம் தெரியும்" என்பது உண்மை இல்லை. ஃப்ரஜைல் எக்ஸ் போன்று ஜீனில் ஒரே எழுத்துக் கூட்டம் திரும்பத் திரும்ப வரும் நோய்களை அது பொதுவாகக் காட்டாது. டூசென் தசைச் சிதைவு, தண்டுவட நரம்பு பாதித்துத் தசை நலியும் எஸ்எம்ஏ போன்றவற்றுக்கு எம்எல்பிஏ என்ற வேறு பரிசோதனையை முதலில் எடுக்கச் சொல்வதும் உண்டு. அதனால்தான் மருத்துவரிடம் முதலில் போகச் சொல்கிறேன்.

சாம்பிள் பற்றி இரண்டு விஷயம். மரபணுப் பரிசோதனைக்கு ஊதா மூடி போட்ட குழாயில் இரண்டு மூன்று மில்லி ரத்தம் போதும், கூரியரில் போனாலும் கெடாது. ஆனால் அம்மோனியா பரிசோதனைக்கு எடுத்த ரத்தத்தை ஐஸில் வைத்து அரை மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். அதை மலையில் எடுத்துக் கோவைக்கு அனுப்பினால் எண் தப்பாகத்தான் வரும். எங்களுக்கு அப்படி ஒரு முறை வந்து மூன்று நாள் தூக்கமில்லாமல் பயந்து கிடந்தோம். அது கீழே, பெரிய மருத்துவமனைக்குள்ளேயே எடுக்க வேண்டியது.

8. படிவத்தை நீங்களும் படியுங்கள்

ரத்தத்தோடு ஒரு படிவம் போகும். குழந்தைக்கு என்னென்ன தொந்தரவு என்று அதில் எழுத வேண்டும். எக்ஸோம் எடுத்தால் எல்லோருக்குமே ஆயிரக்கணக்கான மாற்றங்கள் இருக்கும். அதில் எது முக்கியம் என்று சலித்தெடுப்பது அந்தப் படிவத்தில் எழுதிய அறிகுறிகளை வைத்துத்தான். எங்கள் முதல் படிவத்தில் "ஃபிட்ஸ், வளர்ச்சி தாமதம்" என்று மூன்று சொல் மட்டும் இருந்தது. காலையில் தள்ளாடுவதும் சாப்பிட்டால் சரியாவதும் அதில் இல்லை. தலைச் சுற்றளவும் இல்லை.

நோட்டில் உள்ளதை ஒரு பக்கமாகச் சுருக்கி, படிவத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒப்புதல் படிவத்தையும் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். தேடாத வேறு நோய் ஏதாவது தெரியவந்தால் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி அதில் இருக்கும். அதை வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

ரிப்போர்ட் வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கூடவே மூலத் தரவையும், அதாவது ஃபாஸ்ட்க்யூ, விசிஎஃப் என்ற கோப்புகளையும் கேட்டு வாங்குங்கள். நாள் போனால் ஆய்வகம் அழித்துவிடக் கூடும்.

9. ரிப்போர்ட் வந்ததும் இணையத்தில் தேடாதீர்கள்

ரிப்போர்ட்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து வகைகளில் ஒன்றைப் போட்டிருப்பார்கள்: நோய் உண்டாக்குவது, அநேகமாக உண்டாக்குவது, பொருள் தெளிவில்லாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது. நடுவில் இருப்பதை வியூஎஸ் என்பார்கள். வியூஎஸ் என்று வந்தால் நோய் இருக்கிறது என்றும் அர்த்தமில்லை, இல்லை என்றும் அர்த்தமில்லை.

எங்களுக்கு வந்தது அதுதான். எஸ்எல்சி2ஏ1 என்ற ஜீனில் ஒரு வியூஎஸ். அந்த ரிப்போர்ட்டை ஒரு இடத்தில் "ஒண்ணும் இல்ல" என்று சொல்லி மூடி வைத்துவிட்டார்கள். பதினான்கு மாதம் அது அலமாரியில் கிடந்தது. பிறகு மரபியல் மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்க்கும் முன் நோட்டைக் கேட்டார். நாற்பது நாளையும் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். "இதை யார் கவனிச்சது?" என்றார். "என் மாமியார்" என்றேன். "அந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் ரிப்போர்ட்டைத் திறந்தார்.

அந்த ஜீன்தான் ரத்தத்திலிருந்து மூளைக்குச் சர்க்கரையைக் கொண்டு போகும் புரதத்தை உருவாக்குகிறது. அது பாதி வேலை செய்தால் ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கும், மூளை மட்டும் பட்டினி கிடக்கும். காலை வெறும் வயிற்றில் மோசம், கஞ்சி குடித்தால் தேவலை. குளூட் 1 குறைபாடு என்று பெயர்.

10. உறுதிப்படுத்தும் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்

வியூஎஸ் என்றால் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: "எங்கள் இருவர் ரத்தத்தையும் பார்க்கலாமா?" எங்கள் இருவரிடமும் அந்த மாற்றம் இல்லை, மகளிடம் புதிதாக உண்டானது என்று மூன்று வாரத்தில் வந்தது. அந்த ஒரு தகவலே வியூஎஸ்ஸை "அநேகமாக நோய் உண்டாக்குவது" என்று மாற்ற உதவியது. அம்மா வழியா, அப்பா வழியா என்று வீட்டில் இருந்த பேச்சும் அன்றோடு நின்றது.

இன்னொரு உறுதிப்படுத்தல், முதுகில் ஊசி போட்டு, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீரை எடுத்துப் பார்ப்பது. அந்த நீரில் உள்ள சர்க்கரையை, அதே நேரத்து ரத்தச் சர்க்கரையோடு ஒப்பிடுவார்கள். மகளுக்கு ரத்தத்தில் 88, நீரில் 34, அதில் பாதி கூட இல்லை. உண்மையில் இந்தப் பரிசோதனையை ஒரு மருத்துவர் இரண்டு வயதிலேயே எடுக்கச் சொன்னார். "முதுகுல ஊசி போட்டா கால் போயிரும்" என்று சொந்தக்காரர்கள் சொன்னதைக் கேட்டு நாங்கள்தான் மறுத்துவிட்டோம். கால் போகாது. எடுத்த பிறகு சில மணி நேரம் படுக்கவைத்தார்கள், மறுநாள் ஓடினாள். மருத்துவர் ஒரு பரிசோதனை சொன்னால் பயத்தை அவரிடமே கேளுங்கள், ஊரில் கேட்காதீர்கள்.

சிகிச்சை கீட்டோஜெனிக் உணவு, அதாவது சர்க்கரைக்குப் பதிலாகக் கொழுப்பிலிருந்து மூளைக்குச் சக்தி கிடைக்கச் செய்வது. கொழுப்பு அதிகம், அரிசி கிட்டத்தட்ட இல்லை. உணவியல் நிபுணர் எடை போட்டுக் கொடுத்த பட்டியல்படி மட்டும், மருத்துவமனையில் சேர்த்துத் தொடங்கினார்கள். அதை வீட்டில் நீங்களாக ஆரம்பிக்கக் கூடாது. கிராம் தராசு ஒன்று வாங்கினோம். இருமல் சிரப்பில் உள்ள சர்க்கரை கூடக் கணக்கில் வரும். மூன்றாவது வாரம் காலையில் எழுந்து, சுவரைப் பிடிக்காமல் அடுப்பங்கரை வரை தானாக நடந்து வந்தாள். மாமியார் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதார்.

எல்லா அரிய நோய்க்கும் இப்படிச் சிகிச்சை இருக்காது. ஆனால் இருக்கிற சிலவற்றில் நாள் முக்கியம். அதனால் முதல் சந்திப்பிலேயே "சிகிச்சை உள்ள நோய்களை முதலில் தேடிவிட்டீர்களா டாக்டர்?" என்று கேளுங்கள்.

11. பெயர் கிடைத்த பிறகு செய்ய வேண்டிய காகித வேலை

மருத்துவரிடம் நோயின் பெயர், ஜீன், அவசரத்தில் என்ன செய்ய வேண்டும், எதைக் கொடுக்கக் கூடாது என்று ஒரு பக்கக் கடிதம் கையெழுத்து, முத்திரையோடு வாங்குங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கோத்தகிரி மருத்துவமனையில் பணியில் இருக்கும் மருத்துவர் இந்த நோயைப் பார்த்திருக்க மாட்டார், அது அவர் தவறு இல்லை. லேமினேட் செய்து ஒன்று பையில், ஒன்று அங்கன்வாடியில்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யுடிஐடிக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து, மருத்துவச் சான்றுக்கு மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2016-ம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகை மாற்றுத்திறன் உண்டு. பெரும்பாலான அரிய நோய்களுக்குப் பெயரைச் சொன்னால் மட்டும் அட்டை கிடைக்காது, அந்த நோயால் குழந்தைக்கு என்ன குறைபாடு என்பதற்குத்தான் கிடைக்கும். பாதிப்பு கடுமையாக இருந்தால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு ஊட்டியில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள். மனு எண்ணை எழுதி வாங்காமல் வராதீர்கள். மாதக்கணக்கில் பதில் இல்லாவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அந்த எண்ணோடு கொடுக்கலாம்.

சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் ஆகும் நோய் என்றால் தேசிய அரிய நோய்க் கொள்கையின்கீழ் 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அந்தப் பட்டியலில் உள்ள நோயாக இருக்க வேண்டும், எழும்பூர் போன்ற உயர் சிறப்பு மையத்தில் பதிவு செய்ய வேண்டும், அங்குள்ள குழு பரிந்துரைக்க வேண்டும். பணம் நம் கைக்கு வராது. "முன்பணம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது போன் செய்தால் நம்பாதீர்கள்.

12. அடுத்த குழந்தை

இதை யாரும் வெளிப்படையாகக் கேட்பதில்லை, ஆனால் எல்லார் மனதிலும் இருக்கும். விடை நோயின் வகையைப் பொறுத்தது. பெற்றோர் இருவரும் ஒரே ஜீனில் மாற்றத்தைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. எங்களைப் போலப் புதிதாக உண்டான மாற்றம் என்றால் நூற்றில் ஒன்று என்ற அளவுக்கு மிகக் குறைவு. கருவிலேயே பார்க்க 11-வது வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவையும், 16-வது வாரத்துக்கு மேல் பனிக்குட நீரையும் எடுப்பார்கள். முதல் குழந்தையின் ஜீன் ரிப்போர்ட் கையில் இருந்தால்தான் எதைத் தேடுவது என்று தெரியும். அதனால் கரு தரிக்கும் முன்பே மரபியல் மருத்துவரைப் பாருங்கள், தரித்த பிறகு நாள் போதாது.

13. ரிப்போர்ட்டில் எதுவும் வரவில்லை என்றால்

பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு முதல் எக்ஸோமில் விடை கிடைப்பதில்லை. அதோடு கதவு மூடவில்லை. ஒவ்வொரு வருடமும் புதிய ஜீன்களைக் கண்டுபிடிக்கிறார்கள், பழைய வியூஎஸ்களின் பொருள் தெளிவாகிறது. அதே தரவை மறுபடி அலசச் சொல்லலாம், அதற்குப் புதிதாக ரத்தம் வேண்டாம், செலவும் குறைவு. ரிப்போர்ட் தேதியிலிருந்து ஒன்றரை வருடம் எண்ணி அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். அதுவரை நோட்டை நிறுத்தாதீர்கள், புதிதாகத் தெரிந்த ஒவ்வொன்றையும் எழுதுங்கள். மறு அலசலுக்கு அனுப்பும்போது அந்தப் பக்கங்களின் ஜெராக்ஸும் கூடவே போக வேண்டும்.